ஹாலிஃபாக்ஸில் திமிங்கல வேலை

கனடா என்றாலே நம் ஊரில் டொராண்டோதான். ஹாலிஃபாக்ஸ் என்றால், "அது எந்தப் பக்கம்?" என்பார்கள். டொராண்டோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி போலத் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ்க் கடை கிடையாது. கறிவேப்பிலை வந்த நாளில் வாங்கினால் உண்டு. சென்னை ஓ.எம்.ஆரில் வங்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த நான் இங்கே வந்தது மனைவியின் படிப்புக்காக. வேலை தேடிப் போன இடமெல்லாம் "கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்விதான். அதைப் பற்றிப் புலம்பி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

நான் சொல்ல வந்தது கடைசியில் கிடைத்த வேலையைப் பற்றி. கடலுக்குள் திரியும் கருவிகள் அனுப்பும் தரவை வாங்கி ஒழுங்குபடுத்தும் வேலை. விளம்பரத்தில் கடல் உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பைத்தான், தரவுத்தளம், பிறர் படித்தால் புரிகிற மாதிரி ஆவணம் எழுதத் தெரிவது, அவ்வளவுதான். "திமிங்கலம் கத்துறத எண்ணவா அவ்வளவு தூரம் போன?" என்று அம்மா இன்றும் கேட்கிறார். எண்ணுவது நான் இல்லை. மற்றபடி அம்மா சொல்வது கிட்டத்தட்ட சரி.

இந்த வேலைக்கெல்லாம் மூலகாரணம் 2017. அந்த ஆண்டு கனடியக் கடலில் மட்டும் 12 வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் செத்து மிதந்தன. உலகத்தில் மிச்சம் இருப்பதே 400க்கும் குறைவு. கப்பல் மோதுவதும், நண்டு, கல் இறால் பொறிகளின் கயிற்றில் சிக்குவதும்தான் முக்கியக் காரணங்கள். அரசாங்கம் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் கப்பல்களுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வேகவரம்பு கொண்டுவந்தது. ஆனால் திமிங்கலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எங்கே மெதுவாகப் போகச் சொல்வது? விமானத்திலிருந்து பார்க்கலாம். மூடுபனியிலும் இரவிலும் பார்க்க முடியாது, இங்கே மூடுபனிக்குக் குறைவே இல்லை. அதனால் காதைக் கடலுக்குள் விட்டார்கள்.

காது என்றால் ஹைட்ரோஃபோன், தண்ணீருக்குள் கேட்கும் மைக். அதைச் சுமந்து போவது ஸ்லோக்கம் கிளைடர் என்ற மஞ்சள் நிற டார்பிடோ போன்ற கருவி. தனியாகப் படகோட்டி உலகத்தை முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கத்தின் பெயர் அது. அவர் இந்த மாகாணத்தில் பிறந்தவர். கிளைடரை உந்தித் தள்ள விசிறி தேவையில்லை. மூக்குப் பக்கம் கொஞ்சம் தண்ணீரை உள்ளே இழுத்தால் மூழ்கும், வெளியே தள்ளினால் மேலே வரும். இறக்கைகள் இருப்பதால் மூழ்கும்போதும் எழும்போதும் முன்னால் நகரும். வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். அந்த நத்தை வேகம்தான் மின்கலத்தை வாரக்கணக்கில் தாங்கவைக்கிறது. மேலே வரும்போது இரிடியம் சாட்டிலைட் வழியே கரைக்குப் பேசும்.

பதிவான ஒலி முழுவதையும் சாட்டிலைட்டில் அனுப்பக் கட்டுப்படியாகாது. ஆகவே கிளைடருக்குள் இருக்கும் மென்பொருள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சின்னச் சின்னக் கோடுகளாக்கி அனுப்பும். கரையில் ஒருவர் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். ரைட் திமிங்கலம் ஒன்றையொன்று கூப்பிடும் ஒலி சுமார் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒரு நொடிக்குள் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும். கதை கேட்கும் குழந்தை "ம்ம்?" என்று இழுத்து உம் கொட்டுவது போல இருக்கும். ஹம்ப்பேக் திமிங்கலமும் பாட்டுக்கு நடுவே இதே மாதிரி ஏற்றிப் பாடும். எனவே ஒற்றைக் கோட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது, முன்னும் பின்னும் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். உண்டு, இருக்கலாம், இல்லை: இந்த மூன்றில் ஒன்றை அவர் குறிப்பார்.

"உண்டு" என்று குறித்துவிட்டால் விளைவு சாதாரணமில்லை. கப்பல்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தப் பகுதியில் கயிற்றுப் பொறி வைத்துப் பிடிப்பது 15 நாள் மூடப்படும். வளைகுடாவில் 9ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையே திரும்பவும் திமிங்கலக் குரல் கேட்டால், அந்தப் பருவம் முழுக்க மூடிவிடுவார்கள். பனி நண்டுப் பருவமே சில வாரங்கள்தான். கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு 15 நாள் என்பது எவ்வளவு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கரையில் மீனவர்களுக்கு இது முதல் அடியும் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களைக் கரைசேர்த்தவர்கள் அங்கத்திய மீனவர்கள்தான். அதே கரை மீனவர்களுக்கு ஆறே ஆண்டில், 1992 ஜூலையில், காட் மீன் பிடிக்கத் தடை வந்தது. மீன் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அதனால் பாதுகாப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இங்கே முகங்கள் இறுகும், அதே சமயம் காதும் கொடுப்பார்கள். எனக்கே ஒரு சின்ன அடி உண்டு: அயிலைக் குழம்புக்கு இங்குள்ள மேக்கரல் அருமையாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். 2022இல் அட்லாண்டிக் மேக்கரலின் வணிக மீன்பிடிப்பை மூடிவிட்டார்கள்.

கயிறு தண்ணீரில் தொங்காத பொறிகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. கயிறும் மிதவையும் அடியிலேயே கிடக்கும், படகிலிருந்து ஒலி சமிக்ஞை கொடுத்தால் மேலே வரும். விலை அதிகம். ஆனாலும் மூடிய பகுதியில் அதை வைத்து நண்டு பிடிக்க அனுமதி கிடைக்கிறது என்பதால் மீனவர்கள் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வேகவரம்பைவிட இதில்தான் பொறியாளர்களுக்குச் சரியான வேலை இருக்கிறது.

என் வேலையோ இவ்வளவு சுவாரசியமானது இல்லை. பெரும்பாலும் நேரத்தோடு மல்லுக்கட்டுவது. வளைகுடாவைச் சுற்றி மூன்று நேரமண்டலம்: கியூபெக்குக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, நியூஃபவுண்ட்லாந்துக்கு எங்களைவிட அரை மணி கூடுதலாக ஒன்று. அரை மணி வித்தியாசம் என்றதும் இங்குள்ளவர்கள் திகைப்பார்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்தே வளர்ந்த நமக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வங்கியில் ஒரு பரிவர்த்தனை எந்த நொடியில் நடந்தது என்று நிறுவிய பழக்கம், ஒரு கூப்பிடு குரல் எந்த நொடியில், எந்த இடத்தில் கேட்டது என்று நிறுவ அப்படியே உதவுகிறது.

வர நினைப்பவர்களுக்குச் சில உண்மைகள். சம்பளம் வங்கி மென்பொருளில் கிடைப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. கடல் தொழில்நுட்பம் என்று விளம்பரம் வந்தாலும் பாதி கடற்படை சார்ந்ததாக இருக்கும். நீர்மூழ்கியைத் தேட வளர்த்தெடுத்த ஹைட்ரோஃபோன்தானே இப்போது திமிங்கலத்தையும் தேடுகிறது. அந்த வேலைகளுக்குப் பாதுகாப்பு அனுமதி கேட்பார்கள், புதிதாக வந்தவருக்கு அது சுலபமில்லை. இங்குள்ள டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் 2008 முதல் இயங்கும் ஓஷன் டிராக்கிங் நெட்வொர்க் மாதிரி இடங்களின் திறந்த தரவை எடுத்து எதையாவது செய்து காட்டுங்கள். மீனுக்குப் பொருத்தும், ஒலி எழுப்பி அது போகும் இடத்தைக் காட்டும் பட்டைகளின் தரவு அங்கே மலைபோல் இருக்கிறது. என் நேர்காணலில் சான்றிதழ்களை யாரும் புரட்டவில்லை, நான் எழுதிய நிரலைத்தான் திறந்து பார்த்தார்கள்.

அப்புறம், இது எல்லாம் திட்ட நிதியில் ஓடுவது. அரசின் நிதியாண்டு நம்மூர் போலவே மார்ச்சில் முடியும், திமிங்கலங்கள் வளைகுடாவுக்கு வருவது ஏப்ரல் கடைசியில். ஆகவே குளிர்காலத்திலேயே விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குங்கள். நேர்காணலில் "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்றால், பணம் எந்த மாதம் வரை இருக்கிறது என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் அதே கவலைதான்.