60 விநாடிகளில் ஒரு நாவல்

இளையோர் நாவல் என்றாலே காதல் முக்கோணமும் மந்திர வாளும்தான் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் நீட்டும் புத்தகம், ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய ‘லாங் வே டவுன்’ (2017). அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்க, இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வில் என்ற 15 வயதுப் பையன் லிஃப்டில் இறங்குகிறான். அந்தப் பயணம் சுமார் 60 விநாடிகள்தான். வழியில் ஒவ்வொரு தளத்திலும் இறந்துபோன ஒருவர் உள்ளே வருகிறார். முழுவதும் கவிதை வரிகள். பக்கங்களில் நிறைய வெற்றிடம். பையனின் அழுகை அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது, ஏனெனில் அழக்கூடாது என்பது அவன் வளர்ந்த இடத்தின் முதல் விதி. முடிவை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார். இதைக் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இளம் வாசகரை இவ்வளவு நம்பும் எழுத்து அரிது.

எலிசபெத் அசெவெடோவின் ‘தி போயட் எக்ஸ்’ (2018) நூலும் கவிதை நாவல்தான். மகளின் கவிதை நோட்டை அம்மா எரிக்கும் இடத்தில் அவளை வெறுக்கத் தயாரானேன், அசெவெடோ விடவில்லை.

ஆஞ்சலின் பூலியின் ‘ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்’ (2021) மெதுவாகத்தான் தொடங்குகிறது, பொறுமையாகப் படியுங்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மூலிகை அறிவும் நாயகியின் வேதியியலும் சேர்ந்து துப்புத் துலக்குவது அருமை. அதில் வரும் காதல்தான் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை.