இறுதியாண்டுக்கு பிங்-நீல் சிண்ட்ரோம் படித்த விதம்

யாழ் மருத்துவ பீடத்தில் இறுதியாண்டுக்குப் படிக்கும் தம்பி தங்கச்சிமார் பலர் அரிய நோய்களைக் கடைசி இரவுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். பிங்-நீல் சிண்ட்ரோமை அப்படி ஒதுக்காதீர்கள். வால்டன்ஸ்ட்ரோம் என்ற அரிய இரத்தப் புற்றுநோயின் குழியங்கள் மூளைக்குள்ளோ அதன் உறைகளுக்குள்ளோ போகும் சிக்கல் அது. அதை ஒழுங்காகப் படித்தால் ஹெமற்றோலொஜியும் நியூரோலொஜியும் சேர்ந்தே பிடிபடும்.

1936இல் டென்மார்க் வைத்தியர்களான பிங், நீல் இருவரும் இதை எழுதினார்கள். வால்டன்ஸ்ட்ரோம் என்ற வைத்தியர் தன் பெயரால் வழங்கும் மக்ரோகுளோபுலினீமியாவை, அதாவது ஐஜிஎம் என்ற புரதம் இரத்தத்தில் மிகையாகும் அந்தப் புற்றுநோயை, விபரித்தது 1944இல்தான். நோய்க்குப் பெயர் வர முன்னரே அதன் மிக அரிய சிக்கல் பதிவாகிவிட்டது!

நான் படித்தது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான். வால்டன்ஸ்ட்ரோம் உள்ள ஒருவருக்கு நரம்புக் குறிகள் வந்தால், அதைச் செய்வது எது? ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள்.

முதலாவது, தடித்த இரத்தம். ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. கூடினால் இரத்தம் பிசுபிசுக்கும். தலையிடி, பார்வை மங்கல், மூக்கால் இரத்தம். கண்ணின் அடித்தளத்தைப் பாருங்கள்: நாளங்கள் வீங்கி, இடைக்கிடை நெரிபட்டு, சொசேஜ் கோர்வை மாதிரித் தெரியும். வாட்டில் ஒப்தல்மொஸ்கோப்பைக் கையில் எடுக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

இரண்டாவது, அந்த ஐஜிஎம் பிறபொருளெதிரியாகி சுற்றயல் நரம்பின் மயலின் உறையைத் தாக்குவது. கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், மெதுவாகக் கூடும்.

மூன்றாவதுதான் பிங்-நீல். நிணநீர்க்குழியங்களே மூளைக்குள்ளோ அதன் உறைகளுக்குள்ளோ போய்விடுகின்றன. தலையிடி, வலிப்பு, மறதி, மண்டை நரம்புப் பாதிப்பு, நடை மாற்றம் என்று எதுவும் வரலாம். ஐஜிஎம் அளவு கூடாமலே வரலாம் என்பதை அடிக்கோடிடுங்கள். இரத்த அறிக்கை அமைதியாக இருக்கிறது என்று விட்டுவிடும் இடம் அதுதான்.

வைவாவில் அடுத்து வரக்கூடிய கேள்வி: எம்.ஆர்.ஐ. முதலா, லம்பார் பங்ச்சர் (முதுகில் ஊசி போட்டுப் பாய்பொருள் எடுப்பது) முதலா? கடோலினியம் என்ற ஒளிர்வுப் பொருள் கொடுத்த எம்.ஆர்.ஐ. முதலில். லம்பார் பங்ச்சருக்குப் பிறகு எடுத்தால், அந்த முதுகு ஊசியினாலேயே மூளையுறை ஒளிர்ந்து படம் குழம்பும். பிறகு மூளைய முண்ணாண் பாய்பொருளில் சைற்றோலொஜி (குழியங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது), ஃபுளோ சைற்றோமெற்றி (குழியங்களை வகை பிரிப்பது), எம்வைடி88 எல்265பி மரபணு மாற்றம் மூன்றையும் கேளுங்கள். அந்த மாற்றம் வால்டன்ஸ்ட்ரோம் உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருப்பதால், பாய்பொருளில் அது கிடைத்தால் சந்தேகம் நன்றாக வலுக்கும்.

சிகிச்சையையும் அதே மூன்று நிரலில் எழுதுங்கள். பிளாஸ்மாபெரசிஸ், அதாவது இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து ஐஜிஎம்மை அகற்றுவது, தடித்த இரத்தத்துக்குச் சரி. மூளைக்குள் இருக்கும் குழியத்துக்கு எதுவும் செய்யாது. வால்டன்ஸ்ட்ரோமுக்கு வழமையாகக் கொடுக்கும் ரிற்றுக்சிமாப், இரத்தத்திலிருந்து மூளைக்குள் பொருட்கள் போவதை மறிக்கும் இரத்த-மூளைத் தடையைத் தாண்டுவது மிகக் குறைவு. அத்தோடு தொடக்கத்தில் ஐஜிஎம்மைத் திடீரென உயர்த்தவும் கூடும். பிங்-நீலுக்குத் தடையைத் தாண்டும் மருந்துதான் வேண்டும்: உயர் அளவு மெதோட்ரெக்சேற், சைற்றரபின், அல்லது வாயால் எடுக்கும் இப்ருற்றினிப். இப்ருற்றினிப் என்று சொன்னால் ஏற்றியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கு குழம்புவது), இரத்தக்கசிவு ஆகிய இரு பக்கவிளைவுகளையும் நீங்களே சொல்லிவிடுங்கள், பரீட்சகர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.