அலோகங்கள், உலோகப்போலிகள்: மனப்பாடத்துக்குப் பதில் ஒரே கேள்வி

உலோகம் பளபளக்கும், அலோகம் பளபளக்காது. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலோகம் கடத்தாது. பலரும் இந்தப் பாடத்தை இப்படி இரண்டு பத்தியாகப் பிரித்து உருப்போடுகிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ‘காரணம் கூறுக’ என்று வந்தால் கைகொடுக்காது. தேர்வுக்குப் படித்தபோது நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்த அணு தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது?

மந்த வாயுக்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தனிம வரிசை அட்டவணையில் வலப்பக்கமும் மேலேயும் போகப் போகப் பிடி இறுகும். ஃப்ளூரினின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் திறன்) பாலிங் அளவீட்டில் 3.98, அதைத் தாண்டிய தனிமம் இல்லை. பிடி இறுக்கமானால் அணு எலக்ட்ரானை விடாது. வாங்கும், அல்லது பங்கிடும். கட்டற்ற எலக்ட்ரான் இல்லாததால் கந்தகம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, அடித்தால் தகடாகாமல் நொறுங்குகிறது.

சரி, விதிவிலக்குகள்? வினாத்தாளில் அவைதான் அதிகம் வரும், அதனால் இங்கே நேரம் செலவிடுங்கள். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று எலக்ட்ரான்களைப் பிணைப்புக்குக் கொடுத்துவிட, நான்காவது அடுக்குக்குள் உலவுகிறது. அதனால் மின்சாரம் பாய்கிறது. வைரத்தில் நான்கும் பிணைப்பில் சிக்கிவிடுகின்றன. ஆனாலும் வைரம் வெப்பத்தைச் செம்பைவிட நன்றாகக் கடத்தும், ஏனென்றால் அங்கே வெப்பத்தைச் சுமப்பது படிகத்தின் அதிர்வு. அயோடின் பளபளக்கும், புரோமின் அறை வெப்பநிலையில் திரவம். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் அமிலத்தன்மை இல்லாத நடுநிலை ஆக்சைடுகள்.

அட்டவணையில் உலோகங்களையும் அலோகங்களையும் பிரிக்கும் படிக்கட்டுக் கோட்டை ஒட்டிய போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்செனிக், ஆண்டிமனி, டெலுரியம் ஆகியவை உலோகப்போலிகள். பொலோனியத்தை ஒரு புத்தகம் சேர்க்கும், இன்னொன்று விடும். உங்கள் பாடநூலையே பின்பற்றுங்கள். சிலிக்கான் பார்க்க உலோகம் போலப் பளபளக்கும், அடித்தால் அலோகம் போல நொறுங்கும். என்னைக் கேட்டால், அது உலோகத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விடை வெப்பநிலையில் இருக்கிறது. உலோகத்தைச் சூடாக்கினால் அதிரும் அணுக்கள் எலக்ட்ரான்களைத் தடுக்க, கடத்துதிறன் குறையும். சிலிக்கானைச் சூடாக்கினால் பிணைப்பிலிருந்து எலக்ட்ரான்கள் விடுபட, கடத்துதிறன் கூடும். இந்த இரண்டு வாக்கியங்களையும் காரணத்தோடு எழுதினால் சிலிக்கான் போன்ற குறைக்கடத்தி பற்றிய வினாவில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். அப்புறம், சிலிக்கானில் ஐந்து வெளிக்கூட்டு எலக்ட்ரான் கொண்ட பாஸ்பரஸைச் சிறிது சேர்த்தால் n-வகைக் குறைக்கடத்தி, மூன்று கொண்ட போரானைச் சேர்த்தால் p-வகை.

திருப்புதலுக்கு, தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவின் வழியே எனக்குப் பிடித்தது. சிலிக்கானுக்குக் கீழே காலியாக இருந்த இடத்துக்கு, அக்கம்பக்கத்துத் தனிமங்களை வைத்து, அணு எடை 72 இருக்கும் என்று 1871-இல் கணித்தார். 1886-இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். இன்றைய மதிப்பு 72.6. நீங்களும் ஒரு கட்டத்தை மறைத்துவிட்டு அதன் பண்புகளை எழுதிப் பாருங்கள். 15-ஆம் தொகுதி இதற்கு மிகவும் ஏற்றது. பாஸ்பரஸின் ஆக்சைடு அமிலத்தன்மை கொண்டது, பிஸ்மத்தின் மூவாக்சைடு காரத்தன்மை கொண்டது. நடுவிலுள்ள ஆர்செனிக், ஆண்டிமனி மூவாக்சைடுகள் எப்படி இருக்கும்? ஈரியல்பு (அமிலம், காரம் இரண்டின் தன்மையும் உண்டு) என்று காரணத்தோடு எழுதிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள்.