முடிவைச் சொல்லாத சீனியர்கள் வேண்டும்

எம்.பி.ஏ. மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ராட்டஜி பேப்பர் வரும், ஒரு நிறுவனம் போட்டியில் எந்த வழியில் போவது என்று படிக்கிற பாடம். அதே நேரத்தில்தான் ப்ளேஸ்மென்ட்டும் சூடுபிடிக்கும். பாதி வகுப்பு கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கும், ஷார்ட்லிஸ்ட்டில் யார் பெயர் வந்திருக்கிறது என்று மேசைக்கடியில் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பேராசிரியர் வந்து 1979-ல் மைக்கேல் போர்ட்டர் எழுதிய, ஒரு தொழிலில் போட்டியைத் தீர்மானிக்கும் ஐந்து சக்திகளை போர்டில் வரைந்தால் யார் மனதில் ஏறும்? ரெண்டாவது பிரச்சினை, ஸ்ட்ராட்டஜி வேலை என்று ஒன்று புதுசாகப் படித்து முடித்தவருக்கு அநேகமாகக் கிடைக்காது. ஒரு சிலர் கன்சல்டிங் போவார்கள், மற்றவர்களுக்கு சேல்ஸ், வங்கி, அனலிட்டிக்ஸ். 'இதைப் படிச்சு என்ன பண்ணப் போறோம்' என்ற கேள்வி எங்கள் பேட்ச்சிலும் இருந்தது, இன்று சென்னையில் அதே துறையில் படிக்கும் ஜூனியர்களிடமும் இருக்கிறது.

என் பதில் ஒன்றுதான். இதைவிட உருப்படியான பேப்பர் அந்த இரண்டு வருடத்தில் கிடையாது, ஆனால் சொல்லிக்கொடுக்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம்.

எனக்கு அது பிடிபட்டது அரவிந்த் கண் மருத்துவமனை கேஸில். கேஸ் என்றால் வகுப்பில் விவாதிக்க எழுதிய ஒரு நிஜ நிறுவனத்தின் கதை. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது, 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி கேஸாக எழுதி உலகம் முழுக்க வகுப்புகளில் ஓடுகிறது. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் கண்புரை அறுவை சிகிச்சை, இவ்வளவுதான் நாங்கள் படித்துவிட்டு வந்திருந்தோம். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முகாமில் பரிசோதித்து ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஆரம்பத்தில் நிறைய பேர் ஏன் வரவில்லை? விழிப்புணர்வு இல்லை, பயம், விளம்பரம் போதாது என்று ஆளுக்கொன்று சொன்னோம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி மட்டும், "எங்க பாட்டியா இருந்தா வர மாட்டாங்க சார். பஸ் காசு, சாப்பாடு, கூட வர்ற ஆளுக்கு ரெண்டு மூணு நாள் கூலி போயிடும். இதெல்லாம் யார் குடுப்பா?" என்றாள். வகுப்பு கப்சிப். மருத்துவமனையும் அதையேதான் கண்டுபிடித்தது. அப்புறம் முகாமிலிருந்தே பேருந்தில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவிட ஆரம்பித்தார்கள்.

பேருந்துச் செலவு வெறும் தருமம் போலத் தெரியும். கணக்கைப் போட்டால் வேறு மாதிரி. டாக்டர் ஒரு மேசையில் ஆபரேஷன் செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைத்திருப்பார்கள், முடித்ததும் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்க வேண்டியதுதான். அந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமென்றால் மேசை காலியாகவே இருக்கக் கூடாது, மேசை நிறைய வேண்டுமென்றால் கிராமத்துப் பாட்டி வந்து சேர வேண்டும். கண் பரிசோதனை மாதிரியான வேலைகளுக்கு கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்ததும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் விலை அதிகம் என்று 1992-ல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்புப் பிரிவில் சொந்தமாகவே செய்ய ஆரம்பித்ததும் இதோடு சேர்ந்ததுதான். ஒன்றை உருவினால் மற்றது சரியும். ஐந்து சக்தி, பலம்-பலவீனம்-வாய்ப்பு-அச்சுறுத்தல் என்று பட்டியலிடும் ஸ்வாட் எல்லாம் தேர்வுக்கு எழுதினேன், ஆனால் ஒரு நிறுவனத்தைப் பார்த்ததும் எதோடு எது மாட்டியிருக்கிறது என்று தேடுகிற பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. இன்று வரைக்கும் சோறு போடுவது அந்தப் பழக்கம்தான்.

சரி, இப்போது அலுமினி, அதாவது முன்னாள் மாணவர்கள் விஷயம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து, வேலை காலியிடம், இரண்டுக்கும் நடுவே ஆண்டு விழா அழைப்பு. விழாவுக்குப் போனால் மேடை, பொன்னாடை, வெற்றிபெற்ற சீனியர் தன் பயணத்தைச் சொல்லும் பேச்சு. அதில் எல்லா முடிவும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் கதை முடிந்த பிறகு சொல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சீனியர் அண்ணன் ஒருவர் இதை மாற்றிக் காட்டினார். மேடை வேண்டாம், ஒரு வகுப்பு மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அவர் முன்வைத்த நிலைமை இது: 2011 ஜனவரி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. இவர் கையில் ஆர்டர் இருக்கிறது, பின்னிய துணி இருக்கிறது, சாயம் போட இடமில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் லாரி வாடகையும் நாளும் கூடும், ஷேடு மாறினால் சரக்கு திரும்பி வரும். அவருக்கு மூன்று பையர்கள், அதாவது சரக்கு வாங்குபவர்கள். ஒருவர் நிறைய எடுப்பவர், தேதி தவறினால் விலையைக் குறைப்பார். மற்ற இருவர் கொஞ்சமாக எடுப்பவர்கள், பல வருடப் பழக்கம். "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கவே இல்லை.

வகுப்பு ரெண்டுபட்டது. பெரிய பையரை விட்டால் தையல் ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒரு கட்சி, அவரைப் பிடித்துக்கொண்டு நஷ்டத்தில் ஓட்டினால் மூன்று பேரும் போவார்கள் என்று இன்னொரு கட்சி. ஐந்து சக்திகளில் ஒன்றாக வாங்குபவரின் பலம் என்று போர்ட்டர் சொன்னதை ஒரு மாணவி கேட்காமலே இழுத்து வந்தாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. கடைசியில்தான் அண்ணன் சொன்னார்: பெரியவரை விட்டுவிட்டு மற்ற இருவருக்கும் நிலைமையை அப்படியே எழுதினாராம், கொஞ்ச நாள் பாதி மெஷின் ஓடவில்லையாம். அது சரியா என்று ஒரு பையன் கேட்டதற்கு, "இன்னும் தெரியலப்பா. அந்த பையர் இப்ப பக்கத்து யூனிட்டுக்கு நல்லாத்தான் ஆர்டர் குடுக்கறார்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை வருடா வருடம் கூப்பிடலாம்.

அதனால் பேட்ச்மேட்கள், சீனியர்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை. நீங்கள் எடுத்த ஒரு முடிவை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அன்றைக்குக் கையில் என்ன தகவல் இருந்தது, எது தெரியாமல் இருந்தது, எத்தனை நாள் அவகாசம், யாருடைய சம்பளம் அதில் தொங்கியது, இவ்வளவு போதும். கம்பெனி பெயரை மாற்றிக்கொள்ளலாம். என்ன செய்தீர்கள் என்பதைத் தனித்தாளில் எழுதி ஒட்டி அனுப்புங்கள், வகுப்பு முடிந்த பிறகு பிரிக்கலாம். கடை வைத்திருப்பவர், வங்கிக் கிளை மேலாளர், அப்பாவின் ரைஸ் மில்லை எடுத்து நடத்துபவர், யாராக இருந்தாலும் சரி. பேராசிரியரிடம் பேசிவிட்டேன், அடுத்த மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ராட்டஜி வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்குகிறார். ப்ளேஸ்மென்ட் தொடங்கும் முன்பே வந்து சேர்ந்தால் நல்லது.