காசை 'டிசீவ்' பண்ண முடியாது

எங்கட மட்டக்களப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது, தமிழில் 'ஏமாற்று' என்று மனதில் வந்த இடமெல்லாம் டிசீவ் (deceive) என்று போட்டுவிடுகிறார்கள், ஓஎல் பரீட்சை ரிசல்ட் பார்த்து ஏமாந்துபோனேன் என்பதற்கும் அதுதான், ஏஜென்சிக்காரன் காசை ஏமாற்றிவிட்டான் என்பதற்கும் அதுதான். தமிழில் ஏமாறு, ஏமாற்று, ஏமாற்றம் எல்லாம் ஒரே குடும்பம், அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

டிசீவ் என்றால் பொய்யான ஒன்றை ஒருவரை நம்பவைப்பது. அவ்வளவுதான். கட்டாரில் வேலை இருக்கிறது என்று ஒருவன் சொல்ல, வீட்டில் நம்பி, தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு கொடுக்க, ஆள் போனை ஓஃப் பண்ணிவிட்டு மறைந்துவிடுகிறான் என்று வையுங்கள். அவர்கள் அவனை நம்பிய நிமிடமே டிசீவ் நடந்து முடிந்தது. காசு பறிபோனதைச் சொல்ல சீட் (cheat) என்ற சொல் வேண்டும்: 'ஹி சீட்டட் தெம் அவுட் ஆஃப் தெயர் மணி'. 'ஹி டிசீவ்ட் தெயர் மணி' என்று எழுதவே கூடாது, காசுக்கு மனசில்லை, அதை யாரும் எதையும் நம்பவைக்க முடியாது. 'டிசீவ்ட் தெம் இன்டு பேயிங்' என்றால் சரி, அங்கே நம்பியது ஆட்கள்.

சீன மாணவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அவர்களின் 'பியான்' என்ற வினைக்குப் பின்னால் ஆளும் வரலாம், காசும் வரலாம். பியான் ரென் என்றால் ஆளை ஏமாற்றுவது, பியான் ச்சியென் என்றால் ஏமாற்றிக் காசு எடுப்பது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எங்கள் பிள்ளைகள் எழுதும் அதே வசனம்தான் வரும். தமிழுக்கும் சீனத்துக்கும் எந்த உறவும் இல்லாமலே பிழை இவ்வளவு ஒத்துப்போவது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ரிசல்ட் விசயத்துக்கு வந்தால், 'த ரிசல்ட்ஸ் டிசீவ்ட் மி' என்று எழுதினால் வாசிப்பவர் ரிசல்ட்டே பொய் என்று நினைப்பார். அங்கே டிசப்பாயின்டட்தான். வருகிறேன் என்றவன் வராமல் விட்டால் 'லெட் மி டவுன்'. பரீட்சையில் பார்த்து எழுதினால் சீட்.

ஆனால் டிசீவுக்கு ஏமாற்றும் நோக்கமுள்ள ஆள் வேண்டும் என்றும் இல்லை. எங்கட மட்டக்களப்புக் கல்லடிக் கடல் சில நாட்களில் குளம் மாதிரிக் கிடக்கும், இறங்கினால் அடியில் இழுவை இருக்கும், அந்த அமைதியை 'டிசெப்டிவ்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், பேச்சில் டிசீவ் கொஞ்சம் கனமான சொல். கூட்டாளி பொய் சொன்னால் 'ஹி லைட் டு மி' (he lied to me) போதும். கட்டுரைக்கும் வழக்குச் செய்திக்கும் டிசீவை வைத்துக்கொள்ளுங்கள்.