கல்விக் கடனில் மடிக்கணினி வாங்கிய அனுபவம்

சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான், சொந்தமாக மடிக்கணினி இல்லாமல் காலம் தள்ள முடியாது என்பது புரிந்தது. பாடத்திட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. ஆனால் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய அசைன்மென்டை இரவு பன்னிரண்டு மணிக்குள் பதிவேற்றச் சொல்லும் பேராசிரியர்கள், மாலையிலேயே ஆய்வகம் பூட்டப்படுவதைக் கணக்கில் கொள்வதில்லை. உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாப் கைப்பேசியிலும் ஓடும் என்பார்கள். ஆவடி ரயிலில் நின்றபடி, நிரலின் உள்வரிகளுக்கு முன்னால் நான்கு நான்கு இடைவெளியைக் கட்டைவிரலால் தட்டி, எங்கோ ஒன்று குறைந்ததால் வந்த பிழையைத் தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி, பள்ளி மாணவர்களில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கே உரியதாக இருந்தது. நான் படித்தது மெட்ரிக் பள்ளி. எஞ்சியிருந்த வழி, ஏற்கெனவே வாங்கியிருந்த கல்விக் கடன். படிப்பை முடிக்கத் தேவையென்றால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் கடனில் சேர்க்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் சொல்கிறது. எனக்கு அனுமதித்த தொகையில் மீதியும் இருந்தது.

"தேவைன்னு காலேஜ்ல எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி" என்றார் வங்கி அதிகாரி. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. "கட்டாயம்னு எப்படிப்பா எழுதறது? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே" என்று பேராசிரியர் தயங்கினார். வகுப்பில் தினமும் வாயால் சொல்வதை லெட்டர்பேடில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எழுத்தில் இல்லாத இந்த எதிர்பார்ப்புதான் மாணவனை அலைக்கழிக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பருவத்தின் அசைன்மென்டுகளையும் ஆய்வக நேர அட்டவணையையும் அச்செடுத்துத் துறைத் தலைவரிடம் வைத்த பிறகு, "கட்டாயம்" என்ற சொல்லைத் தவிர்த்து, "பாடப் பணிகளை முடிக்கக் கணினி தேவைப்படுகிறது" என்று எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். வங்கிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி மலிவாகக் கிடைத்தாலும், ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய கொட்டேஷன் வேண்டும் என்று எங்கள் கிளையில் சொல்லிவிட்டதால், எட்டு ஜிபி ரேம் கொண்ட புதியதையே எடுத்தேன். பணம் நேரடியாகக் கடையின் கணக்குக்குப் போனது. வரிசை எண் உள்ள பில்லின் நகலைப் பிறகு வங்கியில் கொடுத்தேன். படிக்கும் காலத்திலேயே இத்தொகைக்கும் வட்டி ஏறும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.