ஆறு ஊசிகளும் ஐந்து பிள்ளைகளும்

2024 ஓகஸ்ட் 3, சனி

ஆரையம்பதி வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, ஐந்து முதல் எட்டு வயது வரையான ஐந்து பிள்ளைகளுக்கு இன்று தையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே ஊசியைக் கொடுக்கவில்லை. பிஸ்கற் பெட்டியின் அட்டையை மீன் வடிவில் வெட்டி, ஓரத்திலிருந்து சற்று உள்ளே ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளையிட்டு, சப்பாத்து நாடாவைக் கோக்கச் சொன்னேன். நாடாவின் நுனி கெட்டியாக இருப்பதால் அதுவே ஊசிக்கு ஈடாகிறது.

ஒரு துளையால் இறங்கி அடுத்த துளையால் மேலே வரவேண்டும் என்பது நம் கைக்குப் பழகிப்போனது. பிள்ளைகளுக்கோ முற்றிலும் புதியது. நால்வர் கீழே போன நாடாவை அட்டையின் ஓரத்தைச் சுற்றி எடுத்துவந்து, மறுபடியும் மேலிருந்தே இறக்கினார்கள். துணியின் விளிம்பை நாமும் சில வேளை அப்படிச் சுற்றித் தைப்பதால், அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாவியில நீர்க்காகம் முங்கினா, எங்க எழும்பும்?" என்று மட்டும் கேட்டேன். "தள்ளிப் போய் எழும்பும் மாமி" என்றான் மூத்தவன். அதன் பிறகு எவரும் ஓரத்தைச் சுற்றவில்லை.

ஓகஸ்ட் 10, சனி

காத்தான்குடியில் முனை மழுங்கிய, காது அகன்ற 18ஆம் இலக்க ஊசிகள் கிடைத்தன. ஊசியின் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வைத்திருப்பது நல்லது. துணிக்குத்தான் அலைந்தேன். நெல் மூடைகளெல்லாம் பிளாஸ்ரிக் சாக்குக்கு மாறிவிட்டதால், பழைய சணல் சாக்கு ஒன்றைத் தேடியெடுத்துத் துவைத்துக் காயவைக்க வேண்டியிருந்தது. சணலில் இழைகளுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிவதால், ஊசி எங்கே போகவேண்டும் என்பதைத் துணியே சொல்லிவிடுகிறது. இழை உருவி வராமலிருக்க வெட்டிய ஓரங்களில் பசை தடவினேன்.

பூத்தையல் நூலில் ஆறு புரிகள் முறுக்காமல் சேர்ந்திருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு புரிகளைப் பிரித்தெடுத்துத் தைப்பார்கள்; சாக்குக்கு ஆறையும் சேர்த்தே கோத்தேன். அடிக்கடி நூல் கோக்கச் சோம்பி, ஆளுயர நீளத்துக்கு வெட்டியது என் தவறு. பிள்ளையின் கை நீளத்துக்கு மேற்பட்ட நூலை ஒரே இழுப்பில் இழுக்க முடியாது. மீதி மடியில் கிடந்து சிக்குப்படும். "மறுகா நூல் வெளிய வந்திட்டு மாமி" என்ற குரல் அரை மணித்தியாலம் ஓயவில்லை. இறுதியில் நூலைக் கை நீளத்துக்குக் குறைத்து, ஊசிக் காதோடு சேர்த்து ஒரு முடிச்சும் போட்டேன். அந்த முடிச்சு சணலின் இடைவெளியில் சிரமமின்றி நுழைந்துவிடுகிறது. மெல்லிய துணியாக இருந்தால் இந்த வழி சரிவராது.

ஓகஸ்ட் 17, சனி

பொத்தான் தைத்தோம். பாடசாலைச் சீருடையில் மிஞ்சிய வெள்ளைத் துணி, பழைய சட்டைகளின் பெரிய பொத்தான்கள், கூரான ஊசி. ஆகவே மேற்பார்வை இன்று இரட்டிப்பு. இடக்கைப் பழக்கமுள்ள சிறுமியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எதிரே இருத்தினேன். என் வலக்கை அசைவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து அவள் இடக்கையால் தைத்தாள். பொத்தான் உறுதியாக நின்றது. எழும்பியபோதுதான் தெரிந்தது, மடியில் வைத்துத் தைத்ததால் அவளுடைய கவுணும் சேர்த்துத் தைபட்டிருந்தது. சிரித்து முடிந்து, நூலை வெட்டி விடுவித்த பின், துணியின் அடியில் ஓர் அட்டையை வைத்துத் தைக்கும் வழக்கம் வந்தது.

முடியும்போது எண்ணிப் பார்த்தால் ஊசிகள் ஐந்தே இருந்தன. பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைப் பாயின்மேல் மெதுவாக நகர்த்த, ஆறாவது ஊசி பாயின் பின்னலுக்குள்ளிருந்து வந்து ஒட்டியது.

ஓகஸ்ட் 19, திங்கள், பூரணை விடுமுறை

மருதமுனைக் கைத்தறித் துண்டுகளில் சிறு மீன் தலையணைகள் தைத்தோம். நிறம் கண்ணைப் பறித்ததால் அந்தத் துணியைத் தெரிவுசெய்தேன். அதன் ஓரம் எளிதில் பிரியும் என்பதை எண்ணவில்லை. அரைச் சென்ரிமீற்றர் கூட விடாமல் வெட்டிக் கொடுத்திருந்தேன். இலவம் பஞ்சை அடைக்க அடைக்க, தையலுக்கு வெளியே இருந்த இழைகள் ஒவ்வொன்றாக உருவின. வால் பக்கம் வாய் திறந்தது. போதாக்குறைக்குக் கச்சான் காற்று. பஞ்சு விறாந்தை, கிணற்றடி, பிள்ளைகளின் தலைமயிர் எங்கும் பறந்தது. பஞ்சைத் துரத்திப் பிடிப்பதில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மகிழ்ச்சி தையலில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 24, சனி

அதே மீன், இம்முறை ஃபெல்ற் துணியில். நெய்யாமல் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து அழுத்தி உருவாக்குவதால், இதை வெட்டினாலும் ஓரம் பிரியாது. பஞ்சுக்குப் பதிலாக, உடுத்தித் தேய்ந்த சாரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி அடைத்தோம். ஐந்து வயதுக்காரனின் தையல்களில் ஒன்று விரல் அகலம், அடுத்தது அரிசி அளவு. அவன் வீட்டுக்குப் போனபின் அவிழ்த்துச் சீராகத் தைத்துவைக்கலாம் என்று கை துறுதுறுத்தது. ஊசியைக் குத்துப்பஞ்சில் செருகிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவன் படலை வரை போய்த் திரும்பி வந்து கேட்டான்: "மாமி, மீனுக்கு ஒரு சட்டைப்பை வைப்பமா? காசு போட."

வரும் சனிக்கிழமைக்காகச் சட்டைப்பை அளவில் ஐந்து துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன்.